மக்ரூன் பேக்கரியின் மஞ்சள் வாளி

அன்று டாக்டரம்மாவின் அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. இந்தப் பக்கம் மக்ரூன் பேக்கரி வைத்திருந்த மிக்கேல் அண்ணாச்சி. நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காராமல் அவர் பின்னால் நின்றது அவருடைய மனைவி மதலேன் அக்கா. கதவோரம், லேபிலிருந்து கூப்பிட்டனுப்பப்பட்ட நான். அங்கே இல்லாதவர் ஒருவர் உண்டு. எனக்கு முன்னால் அந்த லேபில் வேலை பார்த்துவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்ட டெக்னீஷியன்.

அவர் இல்லாததை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். தப்பு நடந்த இடத்தில், இல்லாத ஆள் மாதிரி வசதியானவர் வேறு யாரும் கிடையாது. எந்தப் பழியையும் அவர் தலையில் இறக்கி வைக்கலாம். மறுத்துப் பேச வரமாட்டார். நானும் அன்றைக்கு இறக்கி வைக்கத்தான் வாயைத் திறந்தேன்.

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்துநான்கு வருடம் மற்றவர்கள் கையில் ஊசி குத்திப் பிழைத்தவன் நான். ரசாயனம் எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடும்போது அது எங்கே போய் விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து ஊருக்குள் லாரிகள் பெருகியிருந்த நேரம். மில்லர்புரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் ஒரே அறையில் லேப். எனக்கு வயது இருபத்துமூன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தார்கள். தாளில் எழுதியிருப்பது பொய்யாக இருக்காது என்று நம்பி வளர்ந்தவன். அந்தத் தாளில் கோடும் கட்டமும் போட்டிருந்தால் இன்னும் அதிகமாக நம்புவேன்.

இப்போது மெஷினில் ஒரு சொட்டு வைத்தால் நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று தனித்தனியாக எண்கள் வந்து விழுகின்றன. அன்றைக்கு ஒரே எண், மொத்தக் கொலஸ்ட்ரால். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தில் அமிலத்தைச் சேர்த்தால் நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலஸ்ட்ரால். நிறத்தை அளக்கும் கலரிமீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்து, சாய்வான கோட்டைத் தொட்டு, நேரே கீழே இறங்கினால் எண் கிடைக்கும். இருநூற்றைம்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது இருநூறு என்கிறோம்.

குவைத்துக்குப் போனவர் வரைந்த வரைபடம் அது. அதில் கோடு முந்நூறில் முடிந்திருந்தது. தாள் அவ்வளவுதான் இருந்தது.

மிக்கேல் அண்ணாச்சி முதல் தடவை வந்தது நெஞ்சில் இறுக்கம் என்று. சீனி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்கு படி ஏறியவருக்கு, யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றின மாதிரி இருந்ததாம். உட்கார்ந்ததும் போய்விட்டதாம். நாற்பத்துநான்கு வயது. இரண்டு கண்களின் உள்ளோரத்திலும், இமைமேல், வெண்ணெய் தடவின மாதிரி மஞ்சள் திட்டு. அதைப் பார்த்தேன். ஆனால் என் வேலை கையில் குத்துவது, கண்ணைப் பார்ப்பது டாக்டர் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன டெஸ்ட்டு தம்பி இது?" என்றார்.

"கொழுப்பு பாக்கச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி."

"அதுக்கு எதுக்கு ரத்தம்? எம் மாமியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும், அளவு சொல்லிருவா."

பக்கத்தில் இருந்த மதலேன் அக்கா, "எங்கம்மாவை இழுக்காட்டா ஒங்களுக்குப் பொழுது விடியாது" என்றார். சிரித்துக்கொண்டே ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. சோதனைக் குழாயில் ஈரம் இருந்திருக்கும் என்று கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அங்கேயேதான் நின்றது. அதற்குள் டாக்டரம்மாவின் மணி இரண்டு தடவை அடித்துவிட்டது. மூன்றாம் தடவை செய்ய அமிலம் போதாது. புதுப் பெட்டி மதுரையிலிருந்து வரவேண்டும். வரைபடத்தில் விரலை வைத்து நகர்த்தினேன். கோடு முடிந்தது. அதற்குப் பிறகு சுண்ணாம்புச் சுவர்.

கோட்டின் கடைசியில் இருந்த எண்ணை எழுதினேன்: 300. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அது பொய் என்று அப்போது தோன்றவேயில்லை. தாளில் இருந்த மிகப் பெரிய எண்ணையே எழுதிவிட்டோமே, இதற்கு மேல் என்ன என்றுதான் இருந்தது.

டாக்டரம்மா நாசரேத்துக்காரர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பேச்சில் அடிக்கோடு போட்டுப் பேசுவார். அண்ணாச்சியிடம், "ஐம்பது கூடுதலா இருக்கு. பயப்பட வேண்டாம். ஆனா வாயைக் கட்டணும். ஆட்டுக்கறி, நெய், முட்டை மூணையும் நிறுத்துங்க. தேங்காயைக் குறைங்க. பீடியை விடுங்க. காலையில நடங்க" என்றார்.

"முட்டையைத் தொடாம எப்படி டாக்டரம்மா? எங்க தொழிலே முட்டையிலதான கெடக்கு."

"தொடுங்க. திங்காதீங்க."

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இந்த மூன்று மாதத்தில் லேபில் ஒரு காரியம் நடந்தது. மதுரையிலிருந்து புது அமிலப் பெட்டி வந்தது. பழைய பெட்டியில் இல்லாத ஒரு மடித்த தாள் இதில் இருந்தது. அச்சடித்த தாள் கிடைத்தால் நான் விடுவேனா? மளிகைப் பொட்டலத்தின் காகிதத்தையே பிரித்துப் படிக்கிறவன். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது: முள் அளவைத் தாண்டினால், சீரத்தைப் பாதியாக எடுத்துத் திரும்பச் செய், வரும் எண்ணை இரண்டால் பெருக்கு.

எவ்வளவு எளிமையான விஷயம்! பெரிய வித்தை கற்றுக்கொண்ட சந்தோஷம் எனக்கு. அண்ணாச்சி இரண்டாம் தடவை ரத்தம் கொடுத்த அன்று, முள் தாண்டியதும் பதறவில்லை. பாதியாக எடுத்தேன். இருநூற்றுப் பத்து வந்தது. இரண்டால் பெருக்கி 420 என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பழைய முந்நூறு எனக்கு நினைவே வரவில்லை.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அப்படித்தான் அந்தக் கதவோரம் போய் நின்றேன்.

"முந்நூறு இருந்தது நானூத்தி இருபது ஆயிருக்கு அண்ணாச்சி. பத்தியம் இருந்தேன்னு சொல்லுதீங்க. எங்கிட்ட மறைச்சு யாருக்கு லாபம்?"

"மறைக்கலை டாக்டரம்மா. கறி கெடையாது. நெய் கெடையாது. இவ தேங்கா அரைக்கதையே நிப்பாட்டிட்டா, மீன் கொழம்பு ஓடைத்தண்ணி மாரி கெடக்கு. எங்க வீட்ல முட்டை அவிச்சு மூணு மாசம் ஆச்சு."

"அப்ப இந்த நூத்தி இருபது ஆகாசத்துல இருந்து விழுந்துச்சா?"

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். அவரைப் பொய்யன் என்று ஒரு தாள் சொல்கிறது. "நான் ஒளிச்சுத் தின்னிருந்தா... எம் மக தலையில அடிச்சு..." என்று கையைத் தூக்கினார்.

மதலேன் அக்கா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையை இழுக்காதிய. ஒரு எண்ணுக்காவ பிள்ளையை இழுக்காதிய."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "லேப்ல ஏதும் பிசகு உண்டா?"

மேசைமேல் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் என் கையெழுத்து. முந்நூறு, நானூற்று இருபது. அப்போதுதான் அந்த முந்நூறு, கோட்டின் கடைசியும் சுண்ணாம்புச் சுவருமாக என் கண்முன் வந்தது. அது அவருடைய ரத்தத்தின் எண்ணே இல்லை. தாளின் நீளம்.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். என் சம்பளத்தை நம்பித்தான் அப்பா அந்த வருடம் உப்பளத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அவருடைய பாத வெடிப்புகள் அப்போதுதான் மூடத் தொடங்கியிருந்தன. "இல்லை மேடம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணாச்சி பொய்யனாக வீட்டுக்குப் போவார். நான் லேபுக்குப் போவேன். அந்தச் சொல் வரவில்லை. அதைவிடச் சுலபமான இன்னொன்று வந்தது.

"மேடம், எனக்கு முன்னால இருந்தவர் வரைஞ்ச வரைபடம்..."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கணவரின் கையை இன்னும் விடவில்லை. அந்த மனிதர் தன் மகள் தலைமேல் சத்தியம் செய்யப் போனது என்னால். குவைத்தில் இருக்கிறவரால் இல்லை. அவர் தாளை மட்டும்தான் வரைந்தார். எண்ணை எழுதியது நான்.

"முதல் ரிப்போர்ட் தப்பு மேடம். முள் தாண்டிப் போச்சு. வரைபடம் முந்நூறோட முடிஞ்சுது. அதனால முந்நூறுன்னு எழுதிட்டேன். நான்தான் எழுதினேன். நிஜமா எவ்வளவுன்னு தெரியாது. இப்ப உள்ளதுதான் சரி."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதல் ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். கையில் இருந்த பேனாவையும் கொடுத்தார். நான் தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதே. முந்நூறு மேல ஒரு கோடு போடு, அடியில உள்ளது தெரியணும். பக்கத்துல 'முந்நூறுக்கு மேல், அளக்கவில்லை'ன்னு எழுது. இன்னைக்குத் தேதி போடு. கையெழுத்துப் போடு."

எழுதினேன். பிறகு எத்தனையோ வருடம் எத்தனையோ தப்புகளைத் திருத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை, வெள்ளை பூசி மறைத்ததில்லை. தப்பு, அதன் திருத்தம், திருத்தியவன் பெயர் மூன்றும் ஒரே தாளில் இருக்கவேண்டும். அன்றைக்கு அவர் என்னை வேலையை விட்டு அனுப்பாததற்கு அல்ல, கிழிக்காதே என்று சொன்னதற்கு நன்றி சொல்கிறேன்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "மூணு மாசம் அம்பதுதான் கூடுதல்னு நெனச்சு சீனி மூட்டை செமந்திருக்கேன், தம்பி. வழியில விழுந்து செத்திருந்தா ஒம்ம தாளு சரியாத்தான் இருந்திருக்கும், என்னா?" என்றார். "இனி இந்த வாசல்ல காலு வைக்க மாட்டேன்." போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அவர் விழுந்திருந்தால் என் முந்நூறை யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். நான்கூட.

மதலேன் அக்கா உடனே போகவில்லை. இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்பம், எண்ணு கூடலையா? மொதல்லயே நானூறு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்க்கா. ஐந்நூறுகூட இருந்திருக்கலாம். தெரியாது."

"அப்பம் நாங்க வாயைக் கட்டுனது வேலை செஞ்சுதா இல்லியான்னும் தெரியாது."

ஐந்தாம் வகுப்போடு நின்ற அக்கா. டாக்டரம்மாவுக்கும் எனக்கும் முன்னால் அந்த இடத்துக்கு அவர்தான் போய்ச் சேர்ந்தார். ஒரு எண் தப்பானால் கெடுவது ஒரு எண்ணல்ல. அடுத்த எண்ணுக்கும் அர்த்தம் போய்விடுகிறது.

"ஆனா அவிய பொய் சொல்லலை" என்றார் அக்கா. "நீங்களே வாங்க தம்பி. எங்க குசினியில வந்து பாருங்க. ஒரு முட்டை இருந்தா என்னைக் கேளுங்க."

சமையலறையை அந்தப் பக்கத்தில் குசினி என்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். பொய்யைப் பிடிக்கப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முன்னால் கடை, நடுவில் பட்டறை, அதற்குப் பின்னால் வீடு. மாதா கோயில் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஆர்டர் குவிந்திருந்தது. குசினியில் அக்கா பானை பானையாகத் திறந்து காட்டினார். முட்டை இல்லை. நெய் இல்லை. தேங்காய்த் துருவி ஆணியில் துருப்பிடித்துத் தொங்கியது.

அப்புறம் பட்டறைக்குள் போனேன். வேலைக்கு நாலு பேர். முட்டை உடைப்பது லூர்தம்மாள். அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஓட்டை ஒரு தட்டுத் தட்டி இரண்டாக்கி, கருவை இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்கு இரண்டு தடவை மாற்றுவார். வெள்ளை முழுவதும் கீழே அலுமினியச் சட்டியில் இறங்கிவிடும். மஞ்சள் உடையாமல் பக்கத்தில் இருந்த எனாமல் வாளிக்குப் போகும். மக்ரூனுக்கு வெள்ளைக் கருவும் சீனியும் முந்திரியும் மட்டும்தானே. ஒரு சொட்டு மஞ்சள் கலந்தாலும் வெள்ளை நுரைத்து வராது.

அண்ணாச்சி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்தவனைப் பட்டினியாக அனுப்புகிற ஊரா அது? பத்தரை மணிக்கு வேலை நின்றதும், "ஏளா லூர்து, அவருக்கும் ஒரு தட்டு வையி" என்றார்.

தட்டு வந்தது. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வனஸ்பதியில் பொன்னிறமாக வதக்கிய மஞ்சள் கரு. தொட்டுக்கொள்ள ரொட்டியின் ஓரத் துண்டுகள். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் அண்ணாச்சி, எல்லோரையும்விடப் பெரிய தட்டோடு.

"அண்ணாச்சி, இது என்னது?"

"மஞ்ச."

"முட்டையில்லையா?"

"முட்டைன்னா அவிச்சு, ஓட்டை உரிச்சுத் திங்கது. அதை நான் நிப்பாட்டியாச்சு. இது மிச்சம்லா. வெள்ளை மக்ரூனுக்குப் போயிருது. மிச்சத்தைக் கொட்டச் சொல்லுதீரா? சாப்பாட்டைக் கொட்டுனா மாதா பொறுப்பாளா?"

"நெய் வேண்டாம்னு சொன்னாங்களே?"

"அதான் வனஸ்பதிக்கு மாத்திட்டேன்."

லூர்தம்மாள் சிரிக்கவில்லை, நிஜமாகவே விளக்கம் சொன்னார்: "டாக்டரம்மா வெள்ளையத்தான் ஆகாதுன்னு சொல்லியிருப்பாகன்னு நெனச்சோம் தம்பி. பாலு, நெய்யி, தேங்கா, கறியில உள்ள கொழுப்பு, எல்லாம் வெள்ளைதான?"

"ஒரு நாளைக்கு எத்தனை கரு அண்ணாச்சி?"

"அஞ்சு, ஆறு இருக்கும்."

"எட்டு" என்றார் லூர்தம்மாள். "உடைக்கது நானு, எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை பத்து."

பட்டறை வாசலில் மதலேன் அக்கா நின்றுகொண்டிருந்தார். வேலைக்காரர்கள் தூக்குவாளியில் மஞ்சளை வீட்டுக்குக் கொண்டுபோவது அவருக்குத் தெரியும். கூலியோடு சேர்ந்த பாத்தியதை அது. பஞ்சப்படி மாதிரி அதற்கு மஞ்சப்படி என்று பெயரே வைத்திருந்தார்கள். பத்தரை மணித் தட்டு மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த நேரம் அவர் கடையில் நிற்பார்.

"மூணு மாசமா எம் பிள்ளையளுக்குத் தண்ணிக் கொழம்பு ஊத்துதேன்" என்றார் மெதுவாக. "தேங்கா வாசம் அறியாம கெடக்கு பிள்ளையள். இங்கன நீங்க எட்டு திங்கிய."

அண்ணாச்சி ரொட்டித் துண்டைக் கீழே வைத்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட முடியாது. காசு கொடுத்து வாங்கித் தின்றால் தீனி. தொழிலின் மிச்சத்தைத் தின்றால் சிக்கனம். அவருடைய மனதில் அப்படித்தான் இருந்தது. எந்தக் கேள்வித்தாளிலும் அது அகப்படாது. "முட்டை தின்றீர்களா?" என்று நாங்கள் கேட்டோம். "காலையில எங்க உட்காந்து என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டிருக்கவேண்டும்.

"நானூத்தி இருவதுன்னா என்ன அர்த்தம் தம்பி?" என்று அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

புத்தகத்தில் படித்தது எதுவும் வாயில் வரவில்லை. எங்கள் உப்பளம்தான் வந்தது. "உப்பளத்து வாய்க்கால் பாத்திருப்பிய. தண்ணி தெளிவாத்தான் ஓடும். ஆனா நாள்பட நாள்பட ஓரத்துல உப்புப் படிஞ்சு, வாய்க்கால் குறுகிரும். உங்க நெஞ்சுக்கு ரத்தம் போற குழாயில இப்ப அதான் நடக்கு. மூட்டை தூக்கும்போது ரத்தம் கூட வேணும்; குறுகுன வழியில வரமாட்டேங்கு. அதான் இறுக்கம்."

"சுரண்டி எடுக்க முடியாதா?"

"எங்கப்பா மம்பட்டிய வச்சுச் சுரண்டுவாரு. இங்க மம்பட்டி போகாது. தண்ணியில உள்ள உப்பைத்தான் குறைக்க முடியும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "எங்கய்யா தோணியில நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. எந்திரிக்கலை. நாப்பத்தாறு வயசு" என்றார். இதையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் ஈரலே செய்துகொள்வது. தட்டிலிருந்து வருவது ஒரு பங்குதான். சிலர் உடம்பு பிறப்பிலேயே அதை அதிகமாகச் சேர்த்து வைக்கும். கண்ணோரத்து மஞ்சள் திட்டும் சின்ன வயதில் போன அப்பாவும் அதற்கு அடையாளம். இன்றைக்குக் கேட்டால் மஞ்சள் கருவைவிட அந்த வனஸ்பதியின் மேல்தான் நான் அதிகம் பழி சொல்வேன். அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு தெரியாது. தெரிந்த அளவுக்குச் செய்தோம்.

"சரி, நான் நிப்பாட்டுதேன். இதுகளுக்கு எதுக்கு நிப்பாட்டணும்? கூலியோட உள்ளது" என்றார் அண்ணாச்சி.

"நீங்க திங்காம பாத்துக்கிட்டிருந்தா எங்களுக்குத் தொண்டையில எறங்குமா?" என்றார் லூர்தம்மாள். உடனே அவருக்கே பயம் வந்துவிட்டது. "ஆனா மஞ்சப்படி இல்லாட்டா எம் பிள்ளையளுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

ஒரு மனிதனின் ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கப்போய் நாலு வீட்டுச் சட்டியில் கை வைக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மதலேன் அக்காதான் முடித்துவைத்தார். "வாளி இனி இந்தப் பட்டறையில தங்காது. ஆளுக்குத் தெனம் ஒரு ரூவா கூலியில சேத்து வாங்கிக்கோங்க. மஞ்சளைப் பரோட்டாக் கடைக்குக் குடுத்துரலாம்." அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அப்போது கிடைத்த மாத்திரை ஒன்றை எழுதி, அக்கா கையில் கொடுத்தனுப்பினார். வனஸ்பதிக்குப் பதில் கொஞ்சமாய் நல்லெண்ணெய், மூட்டை தூக்காமல் காலையில் கடற்கரை வரை மெதுவான நடை, கீரை, பயறு, தேங்காய் இல்லாத மீன் குழம்பு. மகளையும் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிவந்து பார்க்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு எண் சரியாக இருந்தது. அதைத் தாளில் எழுதும்போது இரண்டு தடவை செய்து பார்த்துத்தான் எழுதினேன்.

பழைய வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்தேன். புதிதாக வரைந்ததில் கோடு முடிகிற இடத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: இங்கே தாள்தான் முடிகிறது.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. வெறும் வயிற்றோடு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, லேப் ஜன்னலில் மிக்கேல் அண்ணாச்சி.

"எடும்வே. இந்தத் தடவ தாளு முடியுத எடத்துல நிறுத்திராதீரும்."

அந்தக் கிண்டலுக்கு நான் எவ்வளவு நன்றிப்பட்டேன் என்று சொல்லி முடியாது. வரவேமாட்டேன் என்றவர் தன் கையை நீட்டினார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இந்த வேலையில் கிடைக்கவில்லை. அந்தத் தடவை வந்த எண் முந்நூற்று முப்பது. அடுத்த வருடம் இருநூற்று எழுபதுக்கு இறங்கியது. அதற்குக் கீழே அந்த உடம்பு இறங்க மறுத்துவிட்டது. இன்றைய மாத்திரைகள் இருந்திருந்தால் இறங்கியிருக்கும். ஆனாலும் அப்பாவின் நாற்பத்தாறைத் தாண்டினார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் மக்ரூன் போட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லேபுக்கு ஒரு பெட்டி வரும், "மஞ்சள் கிடையாது, பயப்படாமத் தின்னும்" என்ற செய்தியோடு.

பரோட்டாக் கடைக்குப் போன மஞ்சள் யார் யார் ரத்தத்தில் போய்ச் சேர்ந்ததோ, அது எனக்குத் தெரியாது. அதை அளக்க யாரும் என்னிடம் வரவில்லை. அந்த உறுத்தல் இன்னும் உண்டு.

அந்த முதல் கிறிஸ்துமஸ் பெட்டியைக் கொண்டுவந்த மதலேன் அக்காவிடம், அண்ணாச்சியின் உடம்பைத் தேற்ற மொத்தத்தில் உங்களுக்கு என்னக்கா செலவு என்று கேட்டேன். மருந்தும் டெஸ்ட்டும் எல்லார் வீட்டிலும் உள்ளது என்று அதைக் கணக்கில் எடுக்கவில்லை அவர். நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு ரூபாய். அதில் மஞ்சள் வாளிக்குப் பரோட்டாக் கடைக்காரர் கொடுக்கிற இரண்டரை கழியும். விரல் மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு நாளைக்கு ஒண்ணரை ரூவா, தம்பி."